ஒரு சென்டருக்கு ஐந்து பேரா? என்.பி.ஏ. டிரேடை எடைபோடும் வழி

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வில், 2022 ஜூலையில் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணி, யூட்டா ஜாஸ் அணியிடமிருந்து ரூடி கோபேர் என்ற சென்டரை (கூடைக்கு அருகே நிற்கும் உயரமான ஆட்டக்காரரை) வாங்கியது. கொடுத்த விலையைக் கேட்டு அமெரிக்கக் கூடைப்பந்து உலகமே வாயைப் பிளந்தது. ஐந்து ஆட்டக்காரர்கள், நான்கு முதல் சுற்று டிராஃப்ட் பிக்குகள் (புது இளைஞர்களை எடுக்கும் உரிமைகள்), போதாததற்கு இன்னொரு ஆண்டின் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை. ரசிகர்கள் கேலி செய்து தீர்த்தார்கள். முதல் சீசனில் அணி 42 வெற்றி, 40 தோல்வி என்று தட்டுத்தடுமாறி முடித்ததும் "அப்பவே சொன்னோம்ல" என்றார்கள். அடுத்த சீசனில் அதே அணி 56 ஆட்டங்களில் ஜெயித்து மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போனபோது, கேலி செய்தவர்களில் பலர் சத்தமில்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

டிரேட் என்றால் இரண்டு அணிகள் ஆட்டக்காரர்களையும் எதிர்கால உரிமைகளையும் கைமாற்றிக்கொள்வது. இதைப் பற்றிப் பேசுகிற பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான்: தலையை எண்ணுகிறார்கள். ஒன்றுக்கு ஐந்து கொடுத்தால் நட்டம் என்று நினைக்கிறார்கள். நிஜத்தில் அணி நிர்வாகிகள் போடும் கணக்கு வேறு மாதிரி. பெரிய கணிதம் எதுவும் வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

களத்தில் இடம் ஐந்துதான்

ஒரு பரோட்டாக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கல் ஒன்றுதான். அதன் முன்னால் ஒரு மாஸ்டர்தான் நிற்க முடியும். பக்கத்துக் கடையில் கைராசிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் கையால் போட்டால் கூட்டம் தெருமுனை வரை நிற்கும். அவரை இழுத்து வர, சுமாராக வேலை செய்யும் நாலு பேரை விட்டுக்கொடுக்கலாமா? கல் நான்கு இருந்தால் யோசிக்க வேண்டும். ஒன்றே ஒன்று என்றால், அந்த நாலு பேரும் சேர்ந்து நின்றாலும் கல்லில் ஒருவர் கைதான் வேலை செய்யும். மற்ற மூவரின் வேலையை, வெங்காயம் நறுக்குவதும் இலை போடுவதும்தான் அது, புதிதாக வருகிற யாரும் செய்துவிடலாம்.

கூடைப்பந்தும் இப்படித்தான். ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஓர் அணிக்கு 5 பேர். ஆக, பங்குபோட 240 நிமிடங்கள். சூப்பர்ஸ்டார் ஒருவர் 36 நிமிடம் ஆடுவார். அவருக்காக நான்கு பேரைக் கொடுத்தோம், ஒவ்வொருவரும் 24 நிமிடம் ஆடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். போனது 96 நிமிடம், வந்தது 36. மீதி 60 நிமிடத்தை யாராவது நிரப்ப வேண்டும். பெஞ்சில் இருப்பவர்களும், லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எந்த அணிக்கும் கிடைக்கக்கூடிய ஆட்டக்காரர்களும் நிரப்புவார்கள்.

கேள்வி இப்போது தெளிவாகிறது. அந்த 36 நிமிடத்தில் சூப்பர்ஸ்டாரால் வரும் லாபம் அதிகமா, இந்த 60 நிமிடத்தில் தரம் குறைவதால் வரும் நட்டம் அதிகமா? கொடுத்த நால்வரும் சுமாரானவர்கள் என்றால் அவர்களுக்கும் மாற்றாக வருபவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சூப்பர்ஸ்டாருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் இடைவெளி மிகப் பெரியது. அதனால்தான் ஒன்றுக்கு நாலு பல நேரங்களில் நியாயமான விலை.

பிளேஆஃப், அதாவது வழக்கமான சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் தொடர்கள், வந்தால் இந்தக் கணக்கு இன்னும் சாய்கிறது. வழக்கமான சீசனில் பத்துப் பேரைச் சுழற்றி ஆடவைக்கும் பயிற்சியாளர், பிளேஆஃபில் எட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்வார். சூப்பர்ஸ்டார் 40 நிமிடம் ஆடுவார். பத்தாவது ஆள் எவ்வளவு நல்லவர் என்பது அங்கே யாருக்கும் தேவைப்படாது.

கோபேருக்காகப் போன ஐவரையே பாருங்கள். பேட்ரிக் பெவர்லியும் ஜாரட் வாண்டர்பில்டும் முதல் ஐவரில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். மாலிக் பீஸ்லி பெஞ்சிலிருந்து வந்து தூரத்துப் பந்துகள் எறிபவர். லியாண்ட்ரோ போல்மாரோ களத்தில் அதிகம் கால் வைத்ததே இல்லை. வாக்கர் கெஸ்லர் சில நாட்களுக்கு முன்புதான் டிராஃப்டில் எடுக்கப்பட்டவர். மினசோட்டாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஐந்து என்ற எண் பயமுறுத்துகிறது. நிமிடமாக மாற்றிப் பார்த்தால் அவ்வளவு இல்லை.

சென்டர் என்றால் ஏன் தனி விலை

சென்டர் என்பவர் பொதுவாக அணியிலேயே உயரமானவர், கூடைக்கு அருகே நிற்பவர். கோபேரின் உயரம் 7 அடி 1 அங்குலம். மோதித் திரும்பும் பந்துகளைப் பிடிப்பதும், எதிரணி கூடைக்குக் கீழே வந்து எளிதாகப் புள்ளி எடுக்காமல் தடுப்பதும் சென்டரின் முதல் வேலை.

இதில் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் அதிகம். நல்ல சென்டர் தட்டிவிட்ட பந்துகள் பதிவேட்டில் ஏறும். அவர் நிற்கிறார் என்று தெரிந்தே உள்ளே நுழையாமல் திரும்பிப் போன ஆட்டக்காரரை யாரும் எண்ணுவதில்லை. பின்னால் ஒருவர் காவல் இருக்கிறார் என்ற தைரியத்தில் மற்ற நான்கு பேரும் முன்னால் போய் நெருக்கி ஆடலாம். ஒருவரை மாற்றினால் ஐவரின் தடுப்பாட்டமும் மாறுவது இதனால்தான். கோபேர் டிரேடுக்கு முன்பே 2018, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கியிருந்தார். 2024-ல் நான்காவது முறையும் வாங்கினார். அந்த சீசனில் மினசோட்டாவின் தடுப்பாட்டம் லீக்கிலேயே முதலிடம்.

கோபேரை சூப்பர்ஸ்டார் என்று சொல்லலாமா என்பதே தனிச் சண்டை. பந்தைக் கையில் வாங்கித் தானாகப் புள்ளி எடுப்பவர் அல்ல அவர். நிக்கோலா யோகிச் மாதிரி மொத்தத் தாக்குதலையும் நடத்தும் சென்டர் விற்பனைக்கே வருவதில்லை. வந்தால் விலை இதைவிட எங்கேயோ போகும்.

சுருக்கமாக, இதுவரை பார்த்தது இரண்டு. நிமிடங்கள் குறைவு என்பதால் தரம் எண்ணிக்கையை வெல்கிறது. நல்ல சென்டரின் பலன் அவர் தொடும் பந்துகளோடு நிற்பதில்லை.

சம்பளத் தராசு

பீஸ்லியும் பெவர்லியும் யூட்டாவுக்கு அவசியமா? இல்லை. அடுத்த பிப்ரவரிக்குள் இருவரையும் யூட்டா வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டது. பிறகு ஏன் அவர்களை டிரேடில் சேர்த்தார்கள்?

இங்கே சாலரி கேப் வருகிறது. ஓர் அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்குச் செலவிட லீக் போடும் வரம்பு அது. 2022-23 சீசனில் அது ஏறத்தாழ 12.37 கோடி டாலர். கோபேர் ஒருவரின் சம்பளம் மட்டும் 3.8 கோடி, அதாவது வரம்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. என்.பி.ஏ.-வின் வரம்பு இறுக்கமானது அல்ல. சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க அதைத் தாண்டலாம். ஆனால் வரம்பைத் தாண்டிய அணி வெளியிலிருந்து பெரிய சம்பளக்காரரைக் கொண்டுவர வேண்டுமானால், ஏறத்தாழ அதே அளவு சம்பளத்தைத் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

பீஸ்லியின் சம்பளம் சுமார் 1.55 கோடி, பெவர்லியின் சம்பளம் 1.3 கோடி. வாண்டர்பில்ட், போல்மாரோ சம்பளங்களையும் சேர்த்தால் 3.5 கோடியைத் தாண்டுகிறது. தராசு நேராகிவிட்டது. டிரேடில் சிலர் ஆட்டத்துக்காகப் போகிறார்கள், சிலர் எடைக்கல்லாகப் போகிறார்கள். செய்தியைப் படிக்கும்போது முதலில் இந்த இரு வகையையும் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

2023-ல் லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே வந்த புதிய தொழில் ஒப்பந்தம் இதை இன்னும் கடினமாக்கியது. சம்பளச் செலவில் மிக உயரமான ஒரு கோட்டைத் தாண்டிய அணிகள், பல பேரின் சம்பளத்தை ஒன்றாகக் கூட்டி ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது. பணக்கார அணிகள் நாலைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பாதை இப்போது பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

பிக்குகள்: ஏன் ஒன்று விட்டு ஒன்று?

டிராஃப்ட் என்பது ஆண்டுதோறும் புது இளைஞர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் நிகழ்வு. இரண்டு சுற்றுகள். மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்த வரிசையில் ஓர் இடம்தான் பிக். அதை எடுக்காமல் இன்னோர் அணிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம்.

மினசோட்டா கொடுத்த முதல் சுற்று பிக்குகள் எந்தெந்த ஆண்டுகளுக்கு உரியவை? 2023, 2025, 2027, 2029. நடுவில் 2026-க்கு இடமாற்று உரிமை. அதாவது அந்த ஆண்டு யூட்டா விரும்பினால் தன் பிக்கைக் கொடுத்து மினசோட்டாவின் பிக்கை எடுத்துக்கொள்ளலாம். ஏன் இப்படி ஒன்று விட்டு ஒன்று? பேரத்தில் வந்ததல்ல அது, விதி. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து கவலியர்ஸ் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் முதல் சுற்று பிக்குகளை வரிசையாக வாரிக் கொடுத்து அணியைக் காலி செய்தார். அதன் பிறகு லீக் ஒரு தடை போட்டது: அடுத்தடுத்த இரண்டு எதிர்கால ஆண்டுகளில் முதல் சுற்று பிக்கே இல்லாதபடி ஓர் அணி கொடுத்துவிடக் கூடாது. அந்த விதிக்கு இன்றும் ஸ்டெபியன் பெயர்தான். ஏழு ஆண்டுகளுக்கு மேல் தள்ளியும் கொடுக்க முடியாது. 2022-லிருந்து ஏழு, 2029. ஆக, மினசோட்டா எழுதிக் கொடுத்தது சட்டம் அனுமதித்த எல்லை வரை.

அந்த 2029 பிக்குக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு உண்டு. முதல் ஐந்து இடங்களுக்குள் விழுந்தால் அது கைமாறாது. ஒப்பந்தங்களில் 'ப்ரொடெக்‌ஷன்' என்று வருவது இதுதான்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பிக்கின் மதிப்பு டிரேட் நாளில் முடிவாவதில்லை. வாங்கிய ஆட்டக்காரர் அணியைத் தூக்கிவிட்டால், அந்த அணியின் பிக் வரிசையில் பின்னால் போய் மலிவாகிவிடும். டிரேட் சொதப்பினால் அதே பிக் முன்னால் வந்து தங்கமாகும். ஜெயித்தவருக்கு விலை குறைகிறது, தோற்றவருக்கு விலை ஏறுகிறது. மினசோட்டா கொடுத்த 2023 பிக் 16-வது இடத்தில் விழுந்தது. யூட்டா அதில் கியான்டே ஜார்ஜை எடுத்தது. நல்ல இளைஞர்தான், ஆனால் ஓர் அணியின் தலையெழுத்தை மாற்றும் இடம் அல்ல 16.

என்னைக் கேட்டால், அன்றைக்கு மினசோட்டா கொடுத்ததில் உடனே வலித்திருக்க வேண்டியது பிக்குகள் அல்ல, கெஸ்லர். 22-வது இடத்தில் எடுக்கப்பட்ட அவரும் 7 அடி சென்டர்தான். முதல் ஆண்டே லீக்கின் சிறந்த புதுமுகங்கள் ஐவரில் ஒருவராகத் தேர்வானார், கோபேர் சம்பளத்தில் மிகச் சிறு பங்குக்கு. டிரேட் அறிவிப்பில் கடைசியாக வரும் பெயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எத்தனை ஆண்டு, எந்த முழங்கால்

ஆட்டக்காரரை வாங்கும்போது உண்மையில் வாங்குவது அவருடைய ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் ஆண்டுகளைத்தான். கோபேர் 2020 டிசம்பரில் 5 ஆண்டுகளுக்கு 20.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார். டிரேடின்போது அதில் நான்கு ஆண்டுகள் பாக்கி. கடைசி ஆண்டு மட்டும் அவர் விருப்பம். அவருக்கு வயது 30. ஆண்டு அதிகம் என்றால் விலை அதிகம். ஆனால் வயதும் ஏறும், அதனால் ஒப்பந்தத்தின் வால்பகுதி சுமையாகவும் மாறலாம்.

ஆண்டு குறைவாக இருந்தால் என்ன ஆகும்? 2012 ஆகஸ்டில் நான்கு அணிகள் சேர்ந்து செய்த டிரேடில் டுவைட் ஹோவர்ட் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போனார். அந்நாளில் அவர்தான் முன்னணி சென்டர். ஒப்பந்தத்தில் பாக்கி இருந்தது ஓர் ஆண்டு. அந்த ஆண்டு முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார், அதாவது விரும்பிய அணியோடு ஒப்பந்தம் போடும் சுதந்திரம் உள்ளவர். ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். லேக்கர்ஸ் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதே டிரேடில் லேக்கர்ஸின் சென்டர் ஆண்ட்ரூ பைனம் பிலடெல்பியாவுக்குப் போனார். வயது 24. ஆல் ஸ்டார் ஆட்டக்காரர், அதாவது லீக்கின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். முழங்கால் பிரச்சினையால் பிலடெல்பியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தப் பேரத்தில் பிலடெல்பியா கைவிட்டவர்களில் ஒருவர், ஆர்லாண்டோவுக்குப் போன நிக்கோலா வூச்செவிச் என்ற இளம் சென்டர். அவர் பின்னாளில் இரண்டு முறை ஆல் ஸ்டார் ஆனார். உயரமும் எடையும் கூடிய உடம்பைத் தாங்குவது முழங்காலும் பாதமும்தான். சென்டரை வாங்குபவர் மருத்துவ அறிக்கையைப் புள்ளிவிவரத்துக்கு முன்னால் படிக்க வேண்டும்.

விற்பவர் நிலையும் விலையைத் தீர்மானிக்கிறது. சென்டர் கரீம் அப்துல் ஜப்பார் மில்வாக்கியை விட்டுப் போக வேண்டும், நியூயார்க் அல்லது லாஸ் ஏஞ்சலஸ் என்றால் நல்லது என்று சொல்லிவிட்ட பிறகு, 1975 ஜூனில் மில்வாக்கி அவரை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்தவர்கள் நான்கு பேர். எல்லாரும் உருப்படியான ஆட்டக்காரர்கள்தான். கரீமோடு லேக்கர்ஸ் ஐந்து கோப்பை வென்றது. மில்வாக்கியின் அடுத்த கோப்பை 2021-ல்தான் வந்தது.

இதுவரை பார்த்ததன் சாரம்: நிமிடம், சம்பளம், பிக், மீதி ஆண்டு, உடம்பு. இந்த ஐந்தில் ஒன்றை விட்டுவிட்டுப் பேசினாலும் டிரேடைப் பற்றிப் பாதிதான் பேசுகிறோம்.

ஒரே ஆள், அணிக்கு ஒரு விலை

மினசோட்டாவிடம் ஏற்கெனவே கார்ல் ஆண்டனி டவுன்ஸ் என்ற சென்டர் இருந்தார். ஒரு சென்டர் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்பது 2022-ல் எழுந்த நியாயமான கேள்வி. டவுன்ஸ் தூரத்திலிருந்து எறிவதில் வல்லவர், கோபேர் கூடைக்குக் கீழே காவல் இருப்பவர். இருவரும் ஒன்றாக நிற்கலாம் என்று நிர்வாகம் நினைத்தது. முதல் சீசனில் டவுன்ஸ் காயத்தால் 29 ஆட்டம்தான் ஆடினார். சோதனையே நடக்காமல் தீர்ப்பு எழுதப்பட்டது.

அந்த அணியின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 வரை மினசோட்டா தன் வாழ்நாளில் வென்ற பிளேஆஃப் தொடர்கள் இரண்டே இரண்டு, இரண்டும் 2004-ல். அந்தக் குளிருக்கு ஃப்ரீ ஏஜென்ட்கள் ஆசையாக ஓடி வருவதில்லை. கையில் ஆண்டனி எட்வர்ட்ஸ் என்ற 20 வயது நட்சத்திரம். அவர் சம்பளம் இன்னும் சின்னதாக இருக்கும்போதே பெரிய ஆளை வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் புரிந்துகொள்ளக் கூடியது. யூட்டாவுக்கோ எதிர்த் திசையில் அவசரம். கோபேர் இருந்தும் பிளேஆஃபில் மேலே போக முடியாத அணியைக் கலைத்து, முதலிலிருந்து தொடங்க நினைத்தது. ஒரே ஆளுக்கு இருவரும் வெவ்வேறு விலை வைத்ததால்தான் பேரமே படிந்தது.

2024 மே மாதம் இந்தக் கணக்கின் இரு முகங்களையும் காட்டியது. டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் மினசோட்டா 20 புள்ளிகள் பின்தங்கியிருந்து, தடுப்பாட்டத்தாலேயே மீண்டு 98-90 என்று ஜெயித்தது. ஐந்து நாள் கழித்து, டல்லாஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டம். கடைசி விநாடிகளில் லூக்கா டோன்சிச் எதிரே கோபேர் தனியாக மாட்டிக்கொண்டார், கூடையிலிருந்து வெகு தூரத்தில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே. டோன்சிச் முன்னால் போவதுபோல் போக்குக் காட்டிப் பின்வாங்கி எறிந்தார். பந்து கூடையில் விழுந்தது. 109-108, டல்லாஸுக்கு வெற்றி. பெரிய சென்டரைக் கூடைக்கு அருகிலிருந்து வெளியே இழுத்து வந்து தாக்குவது பிளேஆஃபில் எல்லா எதிரணிகளும் முயலும் உத்தி. சீசன் முழுக்கக் கிடைத்த பலனிலிருந்து இதைக் கழித்துத்தான் விலை சொல்ல வேண்டும்.

தீர்ப்பு எழுத எவ்வளவு காலம்?

2004 ஜூலையில் லேக்கர்ஸ், ஷகீல் ஓ'நீல் என்ற சென்டரை மயாமி ஹீட்டுக்குக் கொடுத்தது. வந்தவர்கள் லமார் ஓடம், கேரன் பட்லர், பிரையன் கிராண்ட், கூடவே பிக்குகள். ஓ'நீலின் அந்த ஆண்டுச் சம்பளம் 2.77 கோடி டாலர்; பெரிய ஒப்பந்தம் வைத்திருந்த கிராண்ட் பெரும்பாலும் எடைக்கல்.

ஓராண்டில் கேட்டிருந்தால் மயாமிக்கே வெற்றி. லேக்கர்ஸ் 56 வெற்றியிலிருந்து 34-க்குச் சரிந்தது, மயாமி 42-லிருந்து 59-க்கு ஏறியது. 2006-ல் மயாமி முதல் கோப்பையை வென்றது. அதோடு கதை முடிந்தது என்றார்கள். 2008-ல் கேட்டிருந்தால் பதில் கலங்கியிருக்கும். ஓ'நீலின் உடம்பு தளர்ந்து, மயாமி அவரை பீனிக்ஸுக்கு அனுப்பிவிட்டு அந்த சீசனை 15 வெற்றி, 67 தோல்வியோடு முடித்தது.

லேக்கர்ஸ் பக்கம் நடந்தது இன்னும் வேடிக்கை. பட்லரைக் கொடுத்து குவாமே பிரவுனை வாங்கியதை எல்லாரும் திட்டினார்கள். ஆட்டமாகப் பார்த்தால் அது மோசமான பேரம்தான். ஆனால் 2008 பிப்ரவரியில் அதே பிரவுனின் முடியப்போகும் ஒப்பந்தம், சுமார் 90 லட்சம் டாலர், பாவ் கசோலை வாங்கத் தேவையான எடைக்கல்லாகப் பயன்பட்டது. கசோலும் ஓடமும் கோபி பிரையன்ட்டோடு சேர்ந்து 2009-லும் 2010-லும் கோப்பை வென்றார்கள்.

கோபேர் டிரேடிலும் கடைசித் தவணை இன்னும் பாக்கி. 2029 பிக்கில் வரப்போகும் பையன், டிரேட் நடந்த அன்று அநேகமாக ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்திருப்பான்.